கோட்டு போட்ட வேதாளம்

தோளில் கிடக்கும் பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் கதை சொல்லும்; முடிவில் ஒரு கேள்வி கேட்கும்; விக்கிரமாதித்தன் வாய் திறந்து பதில் சொன்னதும் மறுபடி மரத்துக்குப் பறந்துவிடும். 1947இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இந்த ஒரே ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் வண்டி ஓட்டியது. கதைக்குக் கதை ஊர் வேறு, ஆட்கள் வேறு. மாறாதவை இரண்டுதான்: கதை சொல்லும் பேய், கடைசியில் காத்திருக்கும் முடிச்சு. தொலைக்காட்சியில் 'ஆந்தாலஜி' என்கிறார்களே, வாரம் ஒரு தனிக்கதை, அதற்கு எலும்பும் தோலும் இவ்வளவுதான்.

பெங்களூரில் ஐம்பதைத் தாண்டிய கணினிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பழைய விஞ்ஞானத் தொடர்களைப் பேச ஆரம்பித்தால், 'ஸ்டார் ட்ரெக்'கில் தொடங்கும் பேச்சு எப்படியும் 'ட்வைலைட் ஸோன்' பக்கம் திரும்பிவிடும். மூக்குக்கண்ணாடி உடையுமே அந்தக் கதை, விமானத்தின் இறக்கையில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்குமே அந்தக் கதை என்று ஆளுக்கொன்றை எடுத்துவிடுவார்கள். பெயர் நினைவிருக்காது, திருப்பம் மட்டும் நினைவிருக்கும். அமெரிக்காவில் 1959 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1964இல் முடிந்துபோன ஒரு கறுப்பு வெள்ளைத் தொடர், நம் ஊர்க்காரர்களின் பேச்சுக்குள் நுழைந்த வழி நேர்வழி அல்ல.

வேதாளக் கதைகளின் பழைய வடிவங்களில் ஒன்று காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கதாசரித்சாகர'த்தில் இருக்கிறது. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் வேதாளத்தை ரத்தக்காட்டேரியாக்கி, இஷ்டத்துக்குக் கை காலெல்லாம் ஒட்டவைத்து லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். மொழிபெயர்ப்பு என்பதைவிடக் கைவரிசை என்றால் பொருந்தும். அமெரிக்காவுக்கு இந்த வேலையைச் செய்ய வானொலி வந்தது. 1931இல் நியூயார்க்கின் டபிள்யூஓஆர் நிலையத்தில் அமெரிக்கச் சேலம் நகரத்துக் கிழட்டுச் சூனியக்காரி நான்ஸி தன் பூனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு பேய்க்கதை சொல்லத் தொடங்கினாள். அதைக் கேட்டு வளர்ந்த பையன்கள் 1950 வாக்கில் 'ஈசி' என்ற சித்திரக்கதை நிறுவனத்தில் உட்கார்ந்து, கல்லறைக் காவலன் ஒருவனைக் கதைசொல்லியாக வரைந்தார்கள். கூடவே விஞ்ஞானக் கதைகளும் போட்டார்கள். கதைப் பஞ்சம் வந்தபோது ரே பிராட்பரியின் இரண்டு கதைகளைக் கேட்காமலே எடுத்து ஒன்றாக ஒட்டி அச்சடித்தார்கள். பிராட்பரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. கதை நன்றாக வந்திருக்கிறது, எனக்குச் சேரவேண்டிய பணம் வேலை மும்முரத்தில் மறந்துபோயிருக்கும் போலிருக்கிறது என்ற பாணியில் மரியாதையாக ஒரு கடிதம் போட்டார். பணம் வந்தது, பிறகு அவருடைய கதைகளை முறைப்படி வாங்கியே போட்டார்கள். திருட்டைத் தொழில் உறவாக மாற்றிய அந்தக் கடிதம், கதை எழுதுகிறவர்கள் சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டிய ஒன்று.

இனி 'ட்வைலைட் ஸோனை' உருவாக்கிய ராட் செர்லிங். இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்ஸில் பாராசூட் படைவீரராகச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். ஐம்பதுகளில் தொலைக்காட்சி நாடகம் எழுதிப் பெரும்பேர் எடுத்தார். அவருக்குத் தலைவலி கொடுத்தவர்கள் விளம்பரதாரர்கள். மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டதும், கொன்றவர்கள் விடுதலையானதும் அவரை உலுக்கின. அதை வைத்து 1956இல் ஒரு நாடகம் எழுதினார். தென் மாநிலங்களில் சரக்கு விற்கவேண்டிய விளம்பரதாரர் விடுவாரா? கதை வடக்கே நியூ இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. இறந்தவன் கறுப்பினத்தவன் இல்லை என்றானது. அரங்கில் இருந்த கோகோ கோலா பாட்டில் தெற்கத்தி வாடை அடிக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியதைப் பார்த்த செர்லிங், அரசியல்வாதி பேச முடியாததைச் செவ்வாய்க் கிரகத்தான் பேசினால் யாரும் கத்தரிக்க மாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். விஞ்ஞானத்தின் மேல் இருந்த காதலில் பிறந்ததல்ல அந்தத் தொடர். தணிக்கைக்குத் தப்பும் கள்ளப் பாதையாகத்தான் பிறந்தது.

பிறந்ததும் தற்செயலாகத்தான். 'டைம் எலிமென்ட்' என்ற அவருடைய கதையை சிபிஎஸ் வாங்கி அலமாரியில் போட்டுவிட்டது. வேறொரு தயாரிப்பாளர் அதைத் தோண்டி எடுத்து 1958 நவம்பரில் ஒளிபரப்ப, பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் சிபிஎஸ்ஸுக்குக் கண் திறந்தது. கதைசொல்லியாக முதலில் நினைத்தது ஆர்சன் வெல்ஸை. அவர் கேட்ட பணம் கட்டுப்படி ஆகவில்லை. இன்னொருவர் குரலைப் பதிவு செய்து பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. கடைசியில் சும்மா கிடைத்த குரல், எழுதியவருடையது. முதல் வருடம் குரலாக மட்டும் வந்தவர், அந்த வருடத்தின் கடைசிக் கதையில் முகம் காட்டி, இரண்டாம் வருடத்திலிருந்து கறுப்புக் கோட்டும் பிற்பாடு விரலிடுக்கில் சிகரெட்டுமாகக் காட்சிக்குள்ளேயே வந்து நின்றார். கஞ்சத்தனம் அமெரிக்காவுக்கு ஒரு வேதாளத்தைப் பெற்றுக்கொடுத்தது.

கஞ்சத்தனம் என்ற சரடைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தத் தொடரின் பாதிப் புகழ் புரிந்துவிடும். படமெடுத்தது எம்ஜிஎம் ஸ்டுடியோவில். 'ஃபர்பிடன் பிளானட்' என்ற 1956ஆம் வருடத்துப் படத்துக்குச் செய்த ராபி ரோபோவும் விண்வெளி உடுப்புகளும் அங்கே தூசி படிந்து கிடந்தன. எடுத்து உதறி மாட்டிக்கொண்டார்கள். இரண்டாம் வருடத்தில் செலவு கையை மீற, ஆறு கதைகளைப் பிலிமுக்குப் பதில் வீடியோ நாடாவில் எடுத்தார்கள். உலகத்துக்கே தெரிந்த அந்த 'டிடுடிடு' இசையும் இப்படித்தான். பாரிஸில் இருந்த மாரியுஸ் கான்ஸ்டன்ட் என்ற இசையமைப்பாளர் சிபிஎஸ்ஸின் இசைக் கிடங்குக்காக எழுதிக்கொடுத்திருந்த இரண்டு துண்டுகளை யாரோ சேர்த்துத் தைத்தார்கள். கடைசி வருடத்திலோ உச்சம். அம்ப்ரோஸ் பியர்ஸின் பழைய கதையை வைத்து ராபர்ட் என்ரிகோ எடுத்த பிரெஞ்சுக் குறும்படத்தை அப்படியே விலைக்கு வாங்கி, செர்லிங் நாலு வார்த்தை பேசிச் சேர்த்து, 1964 பிப்ரவரியில் ஓர் அத்தியாயமாக ஒளிபரப்பிவிட்டார்கள். கான் விழாவில் பரிசு வாங்கிய படம் அது. 1964இலேயே ஆஸ்கரும் வாங்கியது.

156 அத்தியாயங்கள், அதில் 92 செர்லிங் எழுதியவை. தன் பங்கைச் சிபிஎஸ்ஸுக்கே விற்றுவிட்டார். மறுஒளிபரப்பில் கொட்டிய பணத்தை நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது.

நகல்கள் உடனே கிளம்பின. 1963இல் 'அவுட்டர் லிமிட்ஸ்' வந்து 49 அத்தியாயங்களில் ஓய்ந்தது. அதற்கு ஹார்லன் எல்லிசன் எழுதிய கதையின் சாயல் 'டெர்மினேட்டர்' படத்தில் தெரிகிறது என்று அவர் சண்டைக்குப் போய், பணமும் வாங்கி, படத்தில் தன் பெயரையும் போடவைத்தார். பிரிட்டனில் பிபிசி 1965இல் 'அவுட் ஆஃப் தி அன்னோன்' தொடங்கியது. அங்கேயும் 49 அத்தியாயங்கள்தான். நாடா விலை அதிகம் என்று பழையதை அழித்துப் புதியதைப் பதிந்ததில் இன்று 20 மட்டுமே முழுதாக மிஞ்சியிருக்கின்றன.

சரி, பெங்களூருக்கு எப்படி வந்தது? முதலில் ஆட்களாக வந்தது. விமான இறக்கையில் பிராணியைப் பார்த்துவிட்டு அலறும் அந்தப் பயணி வில்லியம் ஷாட்னர். 1963இல் பயந்து நடுங்கியவர் மூன்று வருடம் கழித்து 'ஸ்டார் ட்ரெக்'கின் கேப்டன் கிர்க் ஆனார். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாயும், சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேயும் செர்லிங்கின் அரங்கில் ஏற்கெனவே தலைகாட்டிப் போனவர்கள். எண்பதுகளில் தூர்தர்ஷன் 'ஸ்டார் ட்ரெக்'கை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போட்டது. இட்லி ஆறிக்கொண்டிருக்க, வாய் பிளந்து பார்த்த பிள்ளைகளுக்கு அந்த மூவரும் ஏற்கெனவே 'ட்வைலைட் ஸோனை'த் தாண்டி வந்தவர்கள் என்பது தெரியாது. பின்னாளில் செர்லிங்கின் பழைய கதைகளைத் தேடிப் பார்த்தபோதுதான், அட, நம்ம கேப்டன்!

பெட்டி வந்த கதை இன்னும் சுவாரசியம். 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போன ஆர்யபட்டா செயற்கைக்கோளைப் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் வைத்துத்தான் செய்தார்கள். ஜூன் 28 அன்று செர்லிங் 50 வயதில் இதய நோயால் இறந்தார். ஆகஸ்ட் 1 அன்று நாசாவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி இறங்கியது. கர்நாடகத்தின் வடகோடிக் கிராமங்களும் அதில் உண்டு. பெங்களூர் மாநகரத்துக்குத் தூர்தர்ஷன் நிலையம் கிடைத்தது 1981 நவம்பர் 1 அன்றுதான். ராய்ச்சூர்ப் பக்கத்துக் குடியானவர் வானத்திலிருந்து வந்த படத்தைப் பார்த்து ஆறு வருடம் கழித்து, செயற்கைக்கோள் செய்த நகரத்துக்குச் சொந்த நிலையம் வந்தது. செர்லிங்கே எழுதியிருந்தாலும் கொஞ்சம் மிகை என்று சொல்லியிருப்போம்.

அந்த ஆறு மாநிலங்களுக்கு வெளியே, கொழும்பில், ஒரு வீட்டின் மேல் இன்னொரு ஆண்டெனா நின்றது. இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் போய் மாட்டிக்கொடுத்தது. வீட்டுக்காரர் ஆர்தர் சி. கிளார்க். செயற்கைக்கோளைப் பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவருக்கு, இது நன்றிக்கடன். இதே கிளார்க்கின் கதை ஒன்றை 1952இல் 'டேல்ஸ் ஆஃப் டுமாரோ' என்ற அமெரிக்கத் தொடர் நாடகமாக்கியது, செர்லிங்குக்கு ஏழு வருடம் முன்பே. 1985இல் 'ட்வைலைட் ஸோனை'ப் புதுப்பித்து எடுத்தபோது அவருடைய 'ஸ்டார்' கதையையும் எடுத்துக்கொண்டார்கள், முடிவைக் கொஞ்சம் இனிப்பாக்கி.

கிளார்க்கின் கொழும்பு வட்டத்தில் இருந்த மைக் வில்சன் என்பவர்தான் 1967இல் சத்யஜித் ராயின் 'ஏலியன்' திரைக்கதையை ஹாலிவுட்டுக்கு எடுத்துப் போனவர். வங்காளக் கிராமத்துக் குளத்தில் ஒரு விண்கலம் வந்து இறங்கும் கதை. கொலம்பியா நிறுவனம் பேசியது, பீட்டர் செல்லர்ஸ் வரை பேச்சுப் போனது, படம் மட்டும் வரவில்லை. 1982இல் 'ஈ.டி.' வந்ததும் ராய்க்குத் தன் பிள்ளையின் முகச்சாடை தெரிந்தது. ஸ்பீல்பெர்க் மறுத்துவிட்டார். அந்த ஸ்பீல்பெர்க்குக்கு 1969இல், 22 வயதில், தொலைக்காட்சியில் முதல் வாய்ப்பு எது? செர்லிங் எழுதிய 'நைட் கேலரி'யின் முன்னோட்டப் படத்தில் ஒரு கதை. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தால் கோலம்தான் வரும், நேர்கோடு வராது. எல்லிசனுக்குக் கிடைத்த நாலெழுத்து நன்றி ராய்க்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

எண்பதுகளின் தூர்தர்ஷனோ வாரக் கதைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. பதின்மூன்று வாரம் பதின்மூன்று வாரமாகத்தான் அனுமதி. அடுத்த பதின்மூன்று கிடைக்குமா என்று தயாரிப்பாளருக்கே தெரியாதபோது, நீளமான கதையை எந்த நம்பிக்கையில் தொடங்குவது? தனித்தனிக் கதை என்றால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 1985இல் ராமானந்த சாகர் 'விக்ரம் அவுர் பேதால்' எடுத்தார். வேதாளம் உலகம் சுற்றிவிட்டுச் சொந்த மரத்துக்குத் திரும்பியது. ராயின் கதைகளை அவர் மகன் சந்தீப் ராய் வாரக் கதைகளாக்கினார். 'ஸ்டார் ட்ரெக்'கை அச்சாகப் பார்த்துச் செய்த 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா'வும் வந்தது. கேப்டன் தாராவையும் வில்லன் ஜகாக்குவையும் நினைத்துச் சிரிப்பவர்கள் யாரும் வெறுப்பில் சிரிப்பதில்லை.

அந்த ஏற்பாட்டின் உச்சம் பெங்களூர்க்காரர் கையில் நிகழ்ந்தது. மைசூர்த் தமிழர் ஆர்.கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் ஆகும்பேயில் கொண்டுபோய் 'மால்குடி டேஸ்' ஆக்கினார். அதில் விஞ்ஞானமும் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை. ஆனாலும் எலும்பும் தோலும் அதேதான்: வாரம் ஒரு கதை, கடைசியில் ஒரு சின்னத் திருகல், கதைசொல்லிக்குப் பதில் ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டுச் சித்திரம், நாலைந்து சுரத்திலேயே ஆளை இழுத்து உட்கார்த்தும் எல். வைத்தியநாதனின் இசை. அதில் சிறுவன் சுவாமியின் கண்டிப்பான அப்பாவாக வந்த கிரீஷ் கர்னாட், 'இந்திரதனுஷ்' என்ற விஞ்ஞானத் தொடரிலும் அப்பாவாக வந்தார். 'டர்னிங் பாயின்ட்' நிகழ்ச்சியில் நேராகத் திரையைப் பார்த்து நாட்டுக்கே அறிவியல் சொன்னார். நம் ஊர் செர்லிங் யார் என்று கேட்டால் முகத்தையும் குரலையும் வைத்து கர்னாடைச் சொல்வேன்.

பேனாவை வைத்துச் சொல்வதானால், பீன்யாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜாலஹள்ளிக்குப் போகவேண்டும். அங்கேதான் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். ராணுவ ரேடார் செய்த அந்தத் தொழிற்சாலை, எழுபதுகளிலிருந்து தூர்தர்ஷனுக்கு டிரான்ஸ்மிட்டரும் செய்தது. அங்கே பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன் மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் முக்கியப் பங்கெடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி பெயரில் கதை எழுதினார்: சுஜாதா.

சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகளைப் படித்தவர்களுக்கு அந்த வெட்டு தெரியும். முதல் பத்தியில் எல்லாம் சாதாரணம், இரண்டாவது பக்கத்தில் ஒரு பிசகு, கடைசி வரியில் தரை நழுவும். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' இன்னும் ஒருபடி மேலே போனது. 2020களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நாட்டை ஆளும் ஜீவாவை யாரும் நேரில் தொட்டதில்லை. தொட முடியாது, ஏனென்றால் ஜீவா ஆளே இல்லை, ஒளியால் வரைந்த பிம்பம். கதாநாயகி நிலாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் படிக்கும், குறும்பு பேசும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் விகடன் வாசகர்களின் செல்லம். அந்த நாயைக் கொஞ்சிக்கொண்டே ஒரு சர்வாதிகாரத்தின் முழு வரைபடத்தையும் குடும்பப் பத்திரிகையில் படித்து முடித்தோம். எழுதியவர் மத்திய அரசு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர். செர்லிங்கைப் பயமுறுத்தியது விளம்பரதாரர். இங்கே அந்த இடத்தில் அரசாங்கம். செவ்வாய்க் கிரகத்தானின் வேலையை ஜீனோ பார்த்தது. தொலைக்காட்சிக்கு டிரான்ஸ்மிட்டர் செய்யும் இடத்தில் பகலைக் கழித்த மனிதர், வெறும் படமாக மட்டுமே இருக்கும் ஓர் ஆட்சியாளரைக் கற்பனை செய்தார் என்பதை நான் தற்செயல் என்று நம்பவில்லை. அந்த நாவலும் பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அட்டையும் ஜிகினாவும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தாலும், ஜீனோவைப் பார்க்கத் தெருவே காத்திருந்தது.

தொண்ணூறுகளில் தனியார் சேனல்கள் வந்ததும் மெகா தொடர் எல்லாவற்றையும் விழுங்கியது. தப்பிப் பிழைத்தது நாகா இயக்கிய 'மர்மதேசம்'; கதைக்குக் கதை ஆளும் ஊரும் மாறும் பழைய ஏற்பாட்டை விடாமல், கிராமத்துத் தெய்வங்களையும் உளவியலையும் கலந்து அடித்தது. உலகத்தில் மறுபடி மவுசு வந்தது 2011இல் பிரிட்டனின் 'பிளாக் மிரர்' தொடங்கிய பிறகு. அதில் கோட்டு போட்ட கதைசொல்லி கிடையாது. கையிலிருக்கும் கைபேசியே பேயாகிவிட்ட பிறகு அறிமுகம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல.

பெங்களூரில் இயக்குநர் பவன் குமாருக்கு அதே வேளையில் வேறு கவலை. அவர் கையில் ஒரு கதை. தூக்கமில்லாத ஒரு தியேட்டர் டார்ச் பையன் மாத்திரை போட்டுத் தூங்குகிறான். கனவில் அவன் பெரிய நடிகன். எது கனவு, எது நனவு? ஐந்து பைசா போட ஒரு தயாரிப்பாளரும் வரவில்லை. இணையத்தில் முறையிட்டார், முகம் தெரியாத ரசிகர்கள் சேர்ந்து சுமார் 50 லட்சம் ரூபாய் போட்டார்கள். 2013இல் 'லூசியா' வந்தது. அதை 2015இல் சித்தார்த்தை வைத்துத் தமிழில் 'எனக்குள் ஒருவன்' ஆக்கினார்கள், முறையாக உரிமை வாங்கி. நகல் மூலத்தை எட்டவில்லை. காசு கொஞ்சம் கூடியது காரணமாக இருக்கலாம்.

2021இல், ஏறக்குறைய சுஜாதா தன் ஜீவாவை அரியணையில் உட்காரவைத்த காலத்தில், நெட்ஃபிளிக்ஸில் 'நவரசா' வந்தது. ஒன்பது தனிக்கதைகளில் அற்புத ரசத்துக்கு கார்த்திக் நரேன் எடுத்தது 'ப்ராஜெக்ட் அக்னி'. ஆழ்மனம், காலப் பயணம், வேற்றுலகம் என்று எல்லாம் உண்டு. படத்தின் பெரும்பகுதி, அரவிந்த்சாமியும் பிரசன்னாவும் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ராபி ரோபோவை வாடகைக்கு எடுக்கும் செலவுகூட இல்லை.